சிறு குன்றில் ஒரு பனிச்சறுக்கு நாள்: நோயோடு வாழும் குடும்பங்களுக்கான பாடம்

குளிர்காலம் நடுப்பகுதியை எட்டியதும் எமது புறநோயாளர் பிரிவுகளில் ஒரு வினா அடிக்கடி எழும். "பிள்ளைக்கு நீரிழிவு. வகுப்பில் எல்லோரும் பனிச்சறுக்குக்குப் போகிறார்கள். நாங்களும் ஒரு நாள் குடும்பமாய்ப் போகலாமா, டொக்டர்?" என்று தாய் கேட்பார். இதய நாடியில் ஸ்ரென்ட் பொருத்தப்பட்ட தந்தை, தாம் போகலாமா என்று கேட்பார். போனால் என்ன நேருமோ என்ற அச்சத்தில் எவரும் கேட்காமலே விட்டுவிடும் குடும்பங்களும் உண்டு.

பெப்ரவரி மாதத்தின் மூன்றாம் திங்கட்கிழமை ஒன்ராறியோவில் குடும்ப தினம். அதனைத் தொடர்ந்து மார்ச் மாதப் பாடசாலை விடுமுறை வரும். அவற்றை முன்னிட்டு, இவ்வினாவுக்குரிய விடையை ஒரு பாடமாக இங்கே தருகிறோம். விடை மூன்று வகைப்படும்: "ஆயத்தத்துடன் போகலாம்", "இவ்வாண்டு பொறுத்திருங்கள்", "சறுக்காமல் உடன் வாருங்கள்". ஒரே குடும்பத்தில் மூன்று விடைகளும் மூவருக்குப் பொருந்தக்கூடும்.

சிறு குன்று ஏன்?

ரொறன்ரோ மாநகரசபை நகருக்குள்ளேயே இரண்டு பனிச்சறுக்கு நிலையங்களை நடத்துகிறது. ஒன்று வட யோர்க்கில் பாதர்ஸ்ட் வீதியை அண்டிய ஏர்ல் பேல்ஸ் பூங்காவில் உள்ளது. மற்றையது எற்றோபிக்கோவின் சென்ரெனியல் பூங்காவில் உள்ளது. இவை சில பத்து மீற்றர் உயரமே கொண்ட குன்றுகள். கொலிங்வூட் அருகேயுள்ள புளூ மவுன்ரன் ஏறத்தாழ 220 மீற்றர் இறக்கம் கொண்டது. மேற்குக் கனடாவின் மலைகளோ அதனினும் பன்மடங்கு பெரியவை. விளையாட்டில் தேர்ந்தவர்களுக்குச் சிறு குன்று சலிப்புத் தரலாம். நோயோடு வாழும் குடும்பத்துக்கு அதன் சிறுமையே பயனுள்ளது.

காரணங்கள் நான்கு. முதலாவது, அடிவாரத்தில் நிற்பவர் மேலிருந்து இறங்கும் பிள்ளையைக் கண்ணால் தொடரலாம். இரண்டாவது, ஓர் இறக்கம் ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடுவதால், களைப்போ நடுக்கமோ தோன்றியவுடன் சூடான மண்டபத்துக்குத் திரும்பலாம். மூன்றாவது, நகர மருத்துவமனைகள் அண்மையில் உள்ளன. நான்காவது, நாள் முழுவதும் நிற்கவேண்டிய கட்டாயம் இல்லை. தொலைவுக்குச் சென்று பெருந்தொகை செலுத்தியவர்கள் "காசு வீணாகக் கூடாது" என்று களைப்பையும் பொருட்படுத்தாது சறுக்குவர். அருகிலுள்ள குன்றுக்குச் சென்றவர்கள் இரண்டு மணி நேரத்தில் மனக்குறையின்றி வீடு திரும்பலாம்.

ஓர் எடுத்துக்காட்டுக் குடும்பம்

பாடத்தின் விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மகனுக்கு 10 வயது. முதலாம் வகை நீரிழிவு உடையவன். நாள்தோறும் இன்சுலின் பெறுபவன். மகளுக்கு 6 வயது. குளிர்காற்றுப் பட்டால் இழுப்பு வரும் ஆஸ்துமா உண்டு. தந்தைக்கு 4 மாதங்களுக்கு முன் ஸ்ரென்ட் பொருத்தப்பட்டது. அம்மம்மாவுக்கு 71 வயது; இதயத்துடிப்பின் ஒழுங்கீனத்துக்காகக் குருதி உறைதலைத் தடுக்கும் மாத்திரை எடுத்துவருகிறார். தாய்க்கு நோய் எதுவுமில்லை. ஏனைய நால்வரின் மாத்திரை நேரங்களும் அவர் நினைவில்தான் இருக்கின்றன.

இவர்கள் போகலாமா? போகலாம். எவர் சறுக்குவது, எவர் அடிவாரத்தில் நிற்பது, எவர் மண்டபத்தில் அமர்வது என்பதை வீட்டிலேயே தீர்மானிக்கவேண்டும்.

புறப்படுமுன்: நோய்க்கேற்ற ஆயத்தம்

நீரிழிவு. உடலுழைப்பு குருதிச் சர்க்கரையைக் குறைக்கும். குளிரில் உடலைச் சூடாக வைத்திருக்கவும் சர்க்கரை செலவாகும். சர்க்கரை தாழும்போது தோன்றும் நடுக்கம், தடுமாற்றம், எரிச்சல் ஆகியன குளிரால் தோன்றுவனவற்றைப் போலவே இருக்கும். ஆகவே, "குளிருகிறது போலும்" என்று ஊகிக்காது, அளந்தே பார்க்கவேண்டும். சறுக்கத் தொடங்குமுன் சர்க்கரை எவ்வளவு இருக்கவேண்டும், அன்றைய இன்சுலினை எவ்வளவு குறைக்கவேண்டும் என்பவற்றை உங்கள் நீரிழிவுக் குழுவிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்திருங்கள்.

இன்சுலின் உறைந்துவிட்டால், பின்னர் உருகினாலும் அதனைப் பயன்படுத்தலாகாது, எறிந்துவிடவேண்டும். எனவே அதனைக் காரிலோ முதுகுப்பையிலோ விடாது, உடலோடு ஒட்டிய உள்ளாடைப் பையில் வையுங்கள். இன்சுலின் பம்ப் அணிந்தவர்கள் அதன் குழாயையும் ஆடைக்குள்ளேயே மறைத்துவைக்கவேண்டும். சர்க்கரைமானி கடுங்குளிரில் பிழையான அளவைக் காட்டலாம், அல்லது இயங்காமல் போகலாம். மண்டபத்துக்குள் வந்து, கைகளைச் சூடாக்கிக் கழுவியபின் அளப்பதே நன்று. தோலில் ஒட்டிய உணரியின் அளவைக் கைபேசியில் பார்ப்போர், குளிரில் கைபேசியின் மின்கலம் விரைவில் தீரும் என்பதை நினைவிற்கொள்க.

லீற்றருக்கு 4.0 மில்லிமோலுக்குக் கீழ் சர்க்கரை இறங்கினால், 15 கிராம் விரைவுச் சர்க்கரை கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளக்கவேண்டும். குளுக்கோஸ் மாத்திரைகள் குளிரில் உறைவதில்லை. பழச்சாற்றுப் பெட்டி உறையும். சொக்லேற்றில் உள்ள கொழுப்பு சர்க்கரை குருதியில் சேர்வதைத் தாமதப்படுத்துவதால் அது இதற்கு உகந்ததன்று. அன்றிரவு உறக்கத்திலும் சர்க்கரை தாழக்கூடும். படுக்குமுன் அளப்பதையும், குழு கூறியிருந்தால் நள்ளிரவில் அளப்பதையும் தவறவிடலாகாது.

ஆஸ்துமா. குளிர்ந்த வறண்ட காற்று மூச்சுக்குழாய்களைச் சுருங்கச் செய்யும். மருத்துவர் அவ்வாறு பணித்திருந்தால், பயிற்சிக்கு 10 முதல் 15 நிமிடம் முன்னர் நிவாரண மருந்தை உள்ளிழுக்கச் செய்யுங்கள். குளிர்ந்துபோன மருந்துக்குப்பி சரிவரத் தெளிக்காது; அதுவும் உள்ளாடைப் பையில் இருக்கவேண்டும். வாயையும் மூக்கையும் கழுத்துறையால் மூடுங்கள். தொங்கும் சால்வையையோ நீண்ட ஸ்காஃபையோ அணிவிக்கலாகாது. ஏற்றிகளில் அவை சிக்கிக்கொள்ளும். இருமலும் இழுப்பும் முன்னரே மிகுந்திருக்கும் வாரமாயின் நாளை ஒத்திவையுங்கள்.

இதயநோய். குளிர் குருதிக்குழாய்களைச் சுருக்கிக் குருதியழுத்தத்தை உயர்த்தும். அதே வேளையில் பாரமான சப்பாத்துகளோடு மேடு ஏறுவது இதயத்துக்குத் திடீர் உழைப்பாகும். எமது எடுத்துக்காட்டுத் தந்தை இதயப் புனர்வாழ்வுப் பயிற்சியை இன்னும் முடிக்கவில்லை. ஸ்ரென்ட் அடைபடாதிருக்க இரண்டு மருந்துகள் எடுப்பதால், விழுந்தால் குருதிப்பெருக்கும் மிகும். முன்பு சறுக்கிப் பழகியவருமல்லர். அவருக்குரிய விடை "இவ்வாண்டு பொறுத்திருங்கள்" என்பதே. அவர் அடிவாரத்தில் நடக்கலாம், படம் எடுக்கலாம், மகளின் கையுறைகளை மாற்றிவிடலாம். பிள்ளைகளின் சறுக்குப் பலகைகளைச் சுமப்பதை வேறொருவர் ஏற்கட்டும். நைற்றோகிளிசரின் தெளிப்பானைப் பயன்படுத்துபவர் அதனை உடலோடு வைத்திருக்கவேண்டும். நெஞ்சுவலி வந்தால் உடனே அமர்ந்து ஒரு முறை தெளிக்கவேண்டும். 5 நிமிடத்தில் வலி நீங்காவிடின் 911 ஐ அழைக்கவேண்டும்.

குருதி உறைதலைத் தடுக்கும் மருந்துகள். வார்ஃபரின், அபிக்சபான் போன்றவற்றை எடுப்போருக்குத் தலையில் ஏற்படும் சிறு அடியும் மூளையில் குருதிக்கசிவை உண்டாக்கக்கூடும். அம்மம்மாவுக்குப் பெரிய ஆபத்து குன்றில் இல்லை. கார் நிறுத்துமிடத்தின் வழுக்கும் பனிக்கட்டியில் இருக்கிறது. சப்பாத்தின் அடியில் மாட்டும் முட்பட்டிகளை அணிவித்து, வாசல்வரை காரைக் கொண்டுசென்று, கைபிடித்து இறக்குங்கள். விழுந்து தலை அடிபட்டால், "எனக்கு ஒன்றுமில்லைப் பிள்ளை" என்று அவர் கூறினும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லவேண்டும்.

மேலும் சிலர் தனியாக ஆலோசனை பெறவேண்டும். அரிவாள் உருக் குருதிச்சோகை உள்ளவருக்குக் குளிர் கடும் வலியைத் தூண்டலாம். ஒக்சாலிபிளாற்றின் என்னும் புற்றுநோய் மருந்தைப் பெறுபவருக்குக் குளிர்காற்றும் குளிர்பானமும் விரல்களிலும் தொண்டையிலும் கூச்சத்தையும் இறுக்கத்தையும் உண்டாக்கும். வலிப்பு நோயுள்ளோர், கர்ப்பிணிகள், மூட்டு மாற்றுச் சிகிச்சை பெற்றோர், எலும்புத் தேய்வு உள்ளோர் ஆகியோரும் தத்தம் மருத்துவரைக் கேட்காமல் சறுக்கலாகாது.

குளிரை அளந்து அறிதல்

வானிலை அறிக்கையில் இரண்டு எண்களைப் பாருங்கள்: காற்றின் வெப்பநிலை ஒன்று, காற்றின் வேகத்தையும் சேர்த்துக் கணித்த குளிர் எண் மற்றொன்று. வெப்பநிலை −10 பாகை செல்சியஸாகவும் காற்று மணிக்கு 20 கிலோமீற்றராகவும் இருந்தால், திறந்த தோல் உணரும் குளிர் ஏறத்தாழ −18 ஆகும். வெப்பநிலை −15 ஆனால், அதே காற்றில் அது −24 ஆகும். குளிர் எண் −28 ஐத் தாண்டினால் மூடப்படாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையக்கூடும். சிறு பிள்ளைகளின் உடல் எடையோடு ஒப்பிடுகையில் அவர்களின் தோற்பரப்பு பெரிது. ஆகையால் பெரியவர்களை விட விரைவில் வெப்பத்தை இழப்பர். நோயாளரும் சிறு பிள்ளைகளும் உள்ள குடும்பம் −20 ஐத் தாண்டும் நாளைத் தவிர்த்து, மிதமான நாளொன்றைத் தெரிவுசெய்வதே எமது அறிவுரை.

ஆடையை மூன்று அடுக்காக அணியுங்கள். தோலை ஒட்டிய அடுக்கு கம்பளியாகவோ பொலியெஸ்ரராகவோ இருக்கட்டும்; பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருந்து உடலைக் குளிர்விக்கும். நடு அடுக்கு வெப்பத்தைக் காக்கவும், மேலடுக்கு காற்றையும் ஈரத்தையும் தடுக்கவும் வேண்டும். விரல்கள் ஒன்றாகச் சேரும் உறை, விரல் விரலாகப் பிரிந்த கையுறையை விடச் சூடானது. மாற்றுக் கையுறை ஒரு சோடி கட்டாயம் வேண்டும். காலுறை மெல்லியதாக ஒன்று போதும்; இரண்டு அணிந்தால் சப்பாத்து இறுகிக் குருதியோட்டம் குறைந்து கால் மேலும் குளிரும்.

காரில் செல்லும்போது பிள்ளையின் தடித்த மேலாடையைக் கழற்றிவிட்டே இருக்கைப் பட்டியைப் பூட்டவேண்டும். மோதல் நேர்ந்தால் தடித்த ஆடை அமுங்கி, பட்டி தளர்ந்துவிடும்.

பனிக்கடியின் தொடக்க அறிகுறிகள் மரத்துப்போதலும், தோல் வெளிறுதலும் அல்லது மெழுகு போலாதலும் ஆகும். கரிய தோலில் நிறமாற்றம் எளிதில் தெரியாது. ஆகவே மூக்கு, காது, கன்னம், விரல் ஆகியவற்றைத் தொட்டுப் பார்த்து, உணர்வு உண்டா என்று கேளுங்கள். மரத்த இடத்தைத் தேய்க்கலாகாது. பனியால் தேய்க்கவே கூடாது. உள்ளே அழைத்துவந்து, விரல்களை அக்குளில் வைத்துச் சூடாக்குங்கள். உணர்வு திரும்பாவிடினும், கொப்புளம் எழுந்தாலும் மருத்துவ உதவி நாடுங்கள். கடும் நடுக்கம், குழறும் பேச்சு, தள்ளாட்டம், உறக்கநிலை ஆகியன உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழ் இறங்குவதன் அடையாளங்களாக இருக்கலாம். 911 ஐ அழையுங்கள். மதுபானம் சூட்டைத் தருவதுபோல் தோன்றினும் உடல்வெப்பத்தை வெளியேற்றிவிடும். குடுவையில் சூப்போ பிளேன் ரீயோ கொண்டுசெல்லுங்கள்.

வெயிலையும் மறத்தலாகாது. புதிதாய்ப் பெய்த பனி புற ஊதாக் கதிர்களில் 80 வீதம்வரை திருப்பி எறியும். கண்ணாடியும் வெயிற்காப்புக் களிம்பும் குளிர்காலத்திலும் வேண்டும். தோலை வெயிலுக்குக் கூசச் செய்யும் மருந்துகளை எடுப்போருக்கு அவை மிகவும் இன்றியமையாதவை.

வாடகைக் கருவிகள்

வாடகைக் கூடத்தில் உயரம், எடை, வயது, திறன் ஆகியவற்றைக் கேட்பார்கள். எடையைக் கூசாமல் உள்ளபடி சொல்லுங்கள். திறனை உயர்த்திச் சொல்லாதீர்கள். சறுக்குப் பலகையோடு சப்பாத்தை இணைக்கும் பூட்டு, விழும்போது தானே விடுபடவேண்டும். எவ்வளவு விசையில் விடுபடவேண்டும் என்பதைக் குறிக்கும் டின் எண்ணை இவ்விவரங்களையும் சப்பாத்தடியின் நீளத்தையும் கொண்டே தொழில்நுட்பர் அமைப்பார். எண் மிகுந்தால், பூட்டு விடுபடாது கால் முறுகும். குறைந்தால், தேவையற்ற வேளையில் பலகை கழன்றுவிடும். வீட்டார் அத்திருகாணிகளைத் தொடுதல் ஆகாது.

தலைக்கவசம் அனைவருக்கும் வேண்டும். 2010 ஆம் ஆண்டு கனடிய மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான தொகுப்பாய்வு ஒன்று, பனிச்சறுக்குவோரிடையே தலைக்கவசம் தலைக்காயத்துக்கான வாய்ப்பை ஏறத்தாழ 35 வீதம் குறைத்ததாகக் கண்டது. கழுத்துக் காயம் அதனால் கூடியதாகக் காணப்படவில்லை. பனிச்சறுக்குக்கென்றே செய்த கவசமா என்பதை உள்ளே உள்ள முத்திரையில் பாருங்கள். தலையை அசைக்கும்போது கவசம் தனியே அசையக்கூடாது. உள்ளே தடித்த தொப்பி அணியவும் கூடாது.

குன்றில் செய்யவேண்டியன

முதல்முறை செல்வோர் பயிற்சி வகுப்பில் சேருங்கள். பயிற்றுநரிடம் நோயைப் பற்றிச் சொல்லத் தயங்கவேண்டாம். "இவனுக்கு நீரிழிவு. நடுங்கினாலோ பதில் சொல்லத் தடுமாறினாலோ இந்தப் பையிலுள்ள மாத்திரைகளைக் கொடுத்து எங்களை அழையுங்கள்" என்ற இரண்டு வாக்கியங்கள் போதும். பிள்ளைக்குக் கூச்சமாயின், அவன் முன்னிலையிலன்றித் தனியே சொல்லுங்கள்.

வடஅமெரிக்காவில் பச்சை வட்டம் எளிய சரிவையும், நீலச் சதுரம் நடுத்தரச் சரிவையும், கறுப்பு வைரம் கடினமான சரிவையும் குறிக்கும். அன்று முழுவதும் பச்சை வட்டத்தில் நிற்பதே போதும். நகரும் கம்பளப் பட்டி ஏற்றி தொடக்கநிலையாளருக்கு ஏற்றது. முன்னால் செல்பவருக்கே வழியுரிமை உண்டு. பின்னால் வருபவரே விலகவேண்டும். நிற்கவேண்டுமாயின் சரிவின் ஓரத்தில், மேலிருந்து வருவோர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நில்லுங்கள்.

எமது குடும்பத்தின் நாளை இவ்வாறு வகுக்கலாம். 9.30 மணிக்கு வந்து சேர்தல். அம்மம்மா மண்டபத்தில் யன்னலோர மேசையில் அமர்தல். 9.45 க்கு மகனின் சர்க்கரையை அளத்தல். மகளுக்கு நிவாரண மருந்து. 10 முதல் 10.45 வரை தாயும் பிள்ளைகளும் வகுப்பில் இருத்தல். அதன்பின் உள்ளே வந்து அளத்தல், உண்ணல், கையுறை மாற்றல். 11.15 முதல் 12 வரை மீண்டும் சறுக்கல். பின்னர் வீடு. "இன்னும் ஒரே ஒரு முறை" என்று பிள்ளைகள் கேட்கும்போதே புறப்படுவது நன்று. கால் களைத்தபின் சறுக்கும்போது விழுவது எளிது.

விழுந்தால்

விழுதல் கற்றலின் பகுதி. பெரும்பாலானவை பனியைத் தட்டிவிட்டு எழும் வீழ்ச்சிகளே. எனினும் மூன்று காயங்களை அறிந்திருங்கள். முழங்காலில் "டக்" என்ற உணர்வோடு சில மணி நேரத்தில் வீக்கம் எழுந்தால் தசைநார் கிழிந்திருக்கலாம். கோலைப் பிடித்தபடி விழுந்து பெருவிரலின் அடியில் வலித்தால், அங்குள்ள தசைநாரைச் சோதிக்கவேண்டும். புறக்கணித்தால் பிடிக்கும் வலிமை நிலையாகக் குறையலாம். ஒற்றைப் பலகையில் சறுக்குவோர் கையூன்றி விழுவதால் மணிக்கட்டு முறிவது உண்டு.

தலைக்காயம் தனிக்கவனத்துக்குரியது. நடிகை நற்றாஷா ரிச்சர்ட்சன் 2009 மார்ச் 16 அன்று கியூபெக்கின் மொன் ற்ரொம்பிளானில், தொடக்கநிலையாளருக்கான சரிவில், பயிற்சியின்போது விழுந்தார். தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. எழுந்து இயல்பாகவே பேசினார். பின்னர் தலைவலி தொடங்கியது. இரண்டு நாட்களில் இறந்தார். மண்டையோட்டுக்கும் மூளையின் மேலுறைக்கும் இடையே குருதி தேங்கியதே காரணம். இவ்வகைக் கசிவில் அடிபட்டவர் சிறிது நேரம் தெளிவாக இருப்பதுண்டு, அத்தெளிவு ஏமாற்றக்கூடியது.

ஆகவே தலையில் பலத்த அடிபட்டவரைத் தனியே விடாதீர்கள். அன்று மீண்டும் சறுக்க அனுமதியாதீர்கள். தலைவலி மிகுதல், மீண்டும் மீண்டும் வாந்தி, வலிப்பு, குழப்பம், அளவுகடந்த உறக்கம், கை கால் சோர்வு, கண்மணிகள் சமமின்மை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் 911 ஐ அழையுங்கள். ஒன்ராறியோவில் றோவன் ஸ்ரிங்கர் என்னும் 17 வயது மாணவி 2013 இல், முன்னைய மூளையதிர்ச்சி ஆறுமுன் றக்பி ஆட்டத்தில் மீண்டும் அடிபட்டு இறந்தார். அவர் பெயரால் 2018 இல் இயற்றப்பட்ட சட்டம், மூளையதிர்ச்சி ஐயம் எழுந்த விளையாட்டு வீரரை உடனே ஆட்டத்திலிருந்து நீக்கவேண்டும் என்ற நெறியை வலியுறுத்துகிறது. குடும்பங்களும் அந்நெறியையே பின்பற்றலாம்.

குன்றில் உதவி வேண்டின் பனிச்சறுக்குக் காவலரை அழையுங்கள். 1940களின் தொடக்கத்தில் மருத்துவர் டக்ளஸ் ஃபேர்த் உருவாக்கிய கனடியக் காவலர் அமைப்பு இன்றும் பெரும்பாலும் தொண்டர்களாலேயே இயங்குகிறது. அவசரமற்ற ஐயங்களுக்கு 811 இல் தாதியர் ஒருவரிடம் எந்நேரமும் பேசலாம்.

உடற்குறைபாடு உள்ளோரும் சறுக்கலாம்

நடக்க இயலாதவர் இருக்கை பொருத்திய பலகையில் அமர்ந்து சறுக்கலாம். பார்வையற்றவர் வழிகாட்டியின் குரலைப் பின்பற்றிச் சறுக்கலாம். பார்வையற்ற நோர்வேஜியரான எர்லிங் ஸ்ரூர்டால் 1970 இல் பெய்ற்றோஸ்ரோலன் என்னுமிடத்தில் உடற்குறைபாடுள்ளோருக்கான நல விளையாட்டு நிலையத்தை நிறுவினார். 1976 இல் ஸ்வீடனில் முதலாவது குளிர்கால மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக் போட்டிகள் நடந்தன. உங்கள் உறவினருக்கு இதில் விருப்பமிருந்தால், எமது புனர்வாழ்வுப் பிரிவின் தொழில்வழிச் சிகிச்சையாளரிடம் பேசுங்கள்.

பராமரிப்பவரின் இடம்

எமது எடுத்துக்காட்டுத் தாய் நால்வரையும் காக்கும் காவலராகவே அந்நாளைக் கழித்தால், அவருக்கு அது மற்றுமொரு வேலைநாள். எனவே பொறுப்புகளைப் பகிருங்கள். மாற்று மருந்துகளும் குளுக்கோஸ் மாத்திரைகளும் அம்மம்மாவின் பையில் இருக்கட்டும். அளக்கும் நேரங்களை அவரே நினைவூட்டட்டும். அடிவாரத்தில் நின்று மகளைக் கவனிப்பது தந்தையின் பொறுப்பாகட்டும். மகன் தன் சர்க்கரையைத் தானே அளந்து சொல்லட்டும். 10 வயதுப் பிள்ளைக்கு அது இயலும். அப்போது தாயும் இரண்டு முறை கவலையின்றிச் சறுக்கி வருவார். நோயுள்ள பிள்ளையைக் காத்தல் என்பதில், அவன் ஏனைய பிள்ளைகள் செய்வதைச் செய்ய வழிசெய்தலும் அடங்கும். மாத்திரை எடுக்கும் பெரியவர்களுக்கும் வீட்டில் வேலை கொடுங்கள். அமர்ந்திருப்பவருக்கும் அந்நாளில் பங்கு உண்டு.

பயிற்சி வினாக்கள்

குடும்பமாக அமர்ந்து விடை கூறிப் பாருங்கள்.

வினா 1: இரண்டாம் இறக்கத்தின்பின் மகன் நடுங்குகிறான், கேட்டதற்குச் சினந்து பதில் சொல்கிறான். என்ன செய்வீர்கள்?
விடை: உள்ளே அழைத்துவந்து சர்க்கரையை அளக்கவேண்டும். உடனே அளக்க இயலாவிடின், சர்க்கரை தாழ்ந்ததாகவே கருதிக் குளுக்கோஸ் கொடுக்கவேண்டும்.

வினா 2: கார் நிறுத்துமிடத்தில் அம்மம்மா வழுக்கிப் பின்தலை அடிபட்டது. வலியில்லை என்கிறார். வீடு செல்லலாமா?
விடை: செல்லலாகாது. குருதி உறைதலைத் தடுக்கும் மருந்து எடுப்பவராதலால் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லவேண்டும். மாத்திரையின் பெயரையும் இறுதியாக எடுத்த நேரத்தையும் சொல்லவேண்டும்.

வினா 3: மகளின் கன்னத்தில் ஓரிடம் மரத்திருக்கிறது. தந்தை கையால் தேய்க்க முற்படுகிறார். சரியா?
விடை: தவறு. உள்ளே கொண்டுவந்து, சூடான உள்ளங்கையை மெல்ல அவ்விடத்தில் வைத்திருக்கவேண்டும்.

வினா 4: காலையில் குளிர் எண் −29. நுழைவுச்சீட்டுக்குப் பணம் செலுத்தியாயிற்று. போவீர்களா?
விடை: போகவேண்டாம். மிதமான நாளுக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என நிலையத்தாரிடம் கேளுங்கள். மாற்ற இயலாவிடினும், இழப்பது பணம் மட்டுமே.

அடுத்த முறை மருத்துவரைச் சந்திக்க வரும்போது மூன்று வினாக்களை எழுதி எடுத்துவாருங்கள்: "இவ்வாண்டு சறுக்கலாமா? மருந்தின் அளவை அன்று மாற்றவேண்டுமா? எந்த அறிகுறி தோன்றினால் நிறுத்தவேண்டும்?" இம்மூன்றுக்கும் விடை கிடைத்தபின் நாளைக் குறியுங்கள். பனி உருகுமுன் இன்னும் சில கிழமைகள் உள்ளன.